கூப்பிட்டால் வருகிறவர்கள்

"சண்டை இல்லாதப்போ பட்டாளத்துக்காரங்க எல்லாம் எங்கேப்பா இருப்பாங்க?"

றோசலின் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஐம்பத்தேழாம் ஆண்டு, வைகாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வட்டவளைக்கும் றொசல்லவுக்கும் நடுவே இருக்கும் கல்லுமலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான கீழ்ப் பிரிவு லயத்தின் வாசற்படியில், அவளுடைய அப்பா யேசுரட்ணம் ஒரு பட்டாளத்துப் பெல்டை மடியில் போட்டுக்கொண்டு அதன் பித்தளைக் கொக்கியைச் சாம்பலும் எலுமிச்சந் தோலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவன் தேய்ப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னான்.

"நம்மள மாதிரிதான் இருப்பாங்க. பண்டா மாமா ரயில் ரோட்டுல வேலை செய்யறாருல்ல, அந்த மாதிரி. கடையில நிப்பாங்க, பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுப்பாங்க. கூப்பிட்டா வருவாங்க."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடலைன்னா நல்லதுதானே. எல்லாரும் சுகமா இருக்காங்கன்னு அர்த்தம்."

லயத்து அறைகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் மாயாண்டி, தோளில் விறகோடு அந்த வழியாக வந்தவன், இதைக் கேட்டுவிட்டு நின்றான். யேசுரட்ணத்தைச் சீண்டாமல் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கழியாது.

"ஒங்கப்பன்கிட்ட கேளு பாப்பா, பட்டாளத்துல அவருக்கு என்ன குடுத்தாங்கன்னு. துவக்கா குடுத்தாங்க? மம்பட்டி! இங்கேயும் மம்பட்டி, அங்கேயும் மம்பட்டி. கப்பலேறிப் போயி மம்பட்டி புடிச்சுட்டு வந்த ஆளு இந்தத் தோட்டத்துலயே இவரு ஒருத்தருதான்."

யேசுரட்ணம் சிரித்தான். மாயாண்டி சொன்னது பொய்யில்லை. நாற்பத்திரண்டில் வெள்ளைக்காரன் ஆள் சேர்த்தபோது அவன் போய்ச் சேர்ந்தது துவக்குப் பிடிக்கிற படையில் அல்ல. பாதை வெட்டவும் குழி தோண்டவும் மூட்டை இறக்கவும் போன கூலிப் பட்டாளம் அது. எகிப்திலும் லிபியாவிலும் நாலு வருஷம் மணல் வெட்டினான். அங்கேதான் டிங்கிரி பண்டாவோடு பழக்கமானது. பண்டா றொசல்லவுக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தான். ஒருவர் வீட்டுப் புகை மற்றவர் வீட்டுக்குத் தெரியும் தூரத்தில் பிறந்து வளர்ந்தும், முகம் பார்த்துப் பேசியது கடலுக்கு அப்பால் போன பிறகுதான்.

லிபியாவில் ஒரு நாள், பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தபோது மணல் சரிந்து பண்டாவை மூடிவிட்டது. ஓடி வந்தவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். யேசுரட்ணம் ஒருவரையும் கிட்டே விடவில்லை. முழந்தாளிட்டுக்கொண்டு நாய் பறிப்பதுபோல இரண்டு கைகளாலும் மணலைப் பறித்தான். சார்ஜன்ட் வைது மண்வெட்டியை நீட்டியபோது, "மொகம் எங்கே இருக்குன்னு தெரியாதுங்க ஐயா" என்று மட்டும் சொன்னான். பண்டா உயிரோடு வந்தான். யேசுரட்ணத்தின் விரல்களில் இரண்டு நகங்கள் அதற்குப் பிறகு நேராக வளரவில்லை. இதை அவன் வீட்டில் சொன்னதே இல்லை. பண்டா ஒரு தடவை கிறிஸ்மஸுக்கு வந்தபோது யேசுரட்ணத்தின் மனைவி மார்கிரட்டிடம் சொன்னான். அவள் புருஷனின் கையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

சண்டை முடிந்து திரும்பியவர்களில் சிலரைத் தொண்டர் படையில் வைத்துக்கொண்டார்கள். மற்ற நாட்களில் அவரவர் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை தியத்தலாவையில் முகாம். நாட்டுக்கு ஆபத்து என்றால் அழைப்பு வரும். யேசுரட்ணமும் இரண்டு மூன்று முகாம்களுக்குப் போனான். பிறகு சட்டம் மாறியது. இந்த நாட்டுப் பிரஜை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இந்த மலையில் பிறந்தான், இந்த நாட்டின் பெயரைத் தோளில் தைத்துக்கொண்டு அந்நிய மணலில் குழி வெட்டினான் என்பதெல்லாம் அத்தாட்சி ஆகவில்லை. உடுப்பையும் பூட்ஸையும் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து தோட்டம் வரைக்கும் பண்டா அவனோடு நடந்து வந்தான். வழியெல்லாம் ரயில் ரோட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசினார்கள்.

அதற்குப் பிறகு வந்த பழக்கம்தான் இந்தப் பெல்ட். முகாம் நெருங்கும்போது பண்டா தன் பெல்டை யேசுரட்ணத்திடம் கொடுத்துவிடுவான். கொக்கியைத் துலக்குவதிலும், கன்வஸ் பட்டைக்குப் பச்சைப் பூச்சுப் பூசி நிழலில் காயவைப்பதிலும் அவனுக்குக் கை பழகியிருந்தது. பண்டா முகாமுக்குப் போகும் நாளில் யேசுரட்ணம் அதைக் கம்பளிக்குள் வைத்து றொசல்ல ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவான். பண்டா கட்டிக்கொண்டதும் ஒரு தடவை சுற்றி வந்து பார்ப்பான். ரயில் போன பிறகு திரும்பி வருவான். படையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவனுக்குப் படையோடு இருந்த உறவு அவ்வளவுதான். பண்டாவுக்குத் தன் பெல்டைத் தானே துலக்கத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் கொடுத்தான். சில மனிதர்களுக்குத் தருமம் செய்வதைவிட ஒரு வேலையை அவர்களிடம் கொடுப்பது பெரிய தருமம்.

அந்த வருஷம் மழை பலமாக வந்தது. ஆனி பிறந்ததிலிருந்து விடவில்லை. வட்டவளைப் பக்கத்து மழை ஊரறிந்தது. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் இருந்த வடிகால் கான்களெல்லாம் செந்தண்ணீராக ஓடியதைப் பார்த்துப் பெரியவர்களே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம் றொசல்லப் பக்கம் போய்வந்த மாயாண்டி ஒரு செய்தி கொண்டுவந்தான். கீழ்நாட்டில் ஆறுகள் கரை உடைத்துவிட்டனவாம். தொண்டர் படையைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பண்டா நாளைக் காலை ரயிலில் ஹட்டனுக்குப் போகிறானாம். பெல்டைக் கொண்டுவரச் சொன்னானாம்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் யேசுரட்ணம் புறப்பட்டான். பெல்டைப் பழைய சீலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்து, மேலே கம்பளியைப் போர்த்துக்கொண்டான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெரட்டுக்கு வரச் சுணங்கும் என்று மாயாண்டியிடம் சொன்னான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றான் மாயாண்டி.

பெரட்டு என்பது காலையில் ஆட்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற இடம். பெயர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். அங்கே எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. யாராவது காய்ச்சலாலோ பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்ததாலோ வரப் பிந்தினால், பக்கத்தில் நிற்கிறவர் "இருக்காருங்க" என்று குரல் கொடுத்துவிடுவார். பிந்தியவர் மூச்சிரைக்க மலைக்கு ஓடி வந்து வேலையில் சேர்ந்துகொள்வார். மாயாண்டி கள்ளுக் குடித்துவிட்டுப் படுத்திருந்த காலைகளில் யேசுரட்ணம் எத்தனையோ தடவை அவனுக்காகக் குரல் கொடுத்திருக்கிறான். ஏழைகள் ஒருவருக்கொருவர் கொடுக்கக்கூடியது சில சமயம் ஒரு சொல்தான். அதை அவர்கள் தாராளமாகவே கொடுத்துக்கொண்டார்கள்.

ஆட்கள் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மலை இறங்கியது. இடி என்று நினைத்துத் திரும்பினார்கள். மேல் மலையின் தேயிலை, செடி நின்றபடியே, கம்பளத்தை இழுத்ததுபோல நகர்ந்து வந்து லயத்தின் கிழக்குப் பாதியையும் அதற்கப்பால் றொசல்லவுக்குப் போகும் குறுக்குப் பாதையையும் மேல் பாதையையும் மூடிவிட்டது. பிள்ளைகள், வேலை நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருந்ததால் தப்பினார்கள். மாயாண்டியின் காம்பராவும் யேசுரட்ணத்தின் காம்பராவும் மேற்குக் கோடியில் இருந்ததால் நின்றன.

பிற்பகலில் தொண்டர் படை வந்தது. ஹட்டனில் கூடி, கீழ்நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த லொறிகளில் இரண்டை இங்கே திருப்பி விட்டிருந்தார்கள். காக்கி உடுப்பைக் கண்டதும் சில பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் பார்த்த காக்கி நினைவு. ஆனால் வந்தவர்கள் தோளில் மண்வெட்டிதான் இருந்தது. தையல்காரர், தபால் பியோன், கடைச் சிப்பந்தி என்று நேற்று வரைக்கும் வேறு வேலை பார்த்தவர்கள். அதிகாரியே கண்டியில் பள்ளிக்கூட வாத்தியார், இளவயசு. லொறி மேலே ஏற முடியாமல் ரோட்டிலும் மண் விழுந்திருந்ததால் பாதிப் பேரை அங்கேயே இறக்கி ரோட்டை வெட்டச் சொன்னார். அந்தப் பாதியில் டிங்கிரி பண்டாவும் இருந்தான். இது எந்தத் தோட்டம் என்று தெரிந்ததும் அவன் மனம் அடித்துக்கொண்டது. லயத்தில் பெரும் உயிர்ச்சேதமில்லை, ஆட்கள் பெரட்டில் இருந்தார்கள் என்று கேட்டதும் சற்று ஆறியது. ரோட்டு வேலையில் குனிந்தான்.

அதிகாரி லயத்துக்கு வந்ததும் யார் யாரைக் காணவில்லை என்று கேட்டார். ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயரைச் சொல்லி அழுததில் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் எல்லாரையும் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடச் சொன்னார். வெளிவேலை பார்க்கும் உத்தியோகத்தரான கண்டாக்கு ஐயா கூப்பிட்டார். காலையில் நின்ற அதே வரிசையில், அதே களத்தில், அதே குரலுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள்.

"யேசுரட்ணம்."

"இருக்காருங்க" என்றான் மாயாண்டி.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பான். யேசுரட்ணம் றொசல்லவுக்குப் போயிருக்கிறான். பாதை மூடியதால் அந்தப் பக்கம் நிற்கிறான். பெயர் விடுபட்டால் நாளைக்குக் கண்டாக்கு ஐயா ஆயிரம் கேள்வி கேட்பார். வரிசையில் நின்ற மார்கிரட் திரும்பி மாயாண்டியை நன்றியோடு பார்த்தாள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ராக்காயிக் கிழவியின் பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் அவளைச் சுவருக்கடியில் கண்டெடுத்தார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஒரு உயிரோடு நின்றதே என்று ஆட்கள் அழுகையோடு ஆறுதலும் பட்டார்கள். கினிகத்தேனைக்கு அப்பால் பாலம் ஒன்று உடைந்து, அக்கரையில் பிள்ளைகளோடு சனங்கள் நிற்பதாகச் செய்தி வந்திருந்தது. படையினர் மண்வெட்டிகளைக் கழுவத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் பண்டா லயத்துப் பக்கம் ஏறி வந்தான். மாயாண்டியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. பண்டாவின் தமிழ் தோட்டத்தில் பழகிய தமிழ்.

"எங்க நம்ம ஆளு? ஸ்டேஷனுக்கு வராம என்னை ஏமாத்திட்டான். ஹட்டன்ல எரவல் பெல்ட் வாங்கிக் கட்டியிருக்கேன், பாரு. வெளிய வரச் சொல்லு அவனை, ஏசணும்."

மாயாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒங்களப் பாக்கத்தானேண்ணே வந்தாரு. விடியவே போயிட்டாரே."

"வரல்ல."

"ரயிலு போன பொறகு வந்திருப்பாரு."

"ரயில் சுணங்கித்தான் வந்திச்சி, மாயாண்டி. நான் பாதையைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவன் வரல்ல."

மாயாண்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டுத்தான் மார்கிரட் வெளியே வந்தாள்.

பண்டா ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னான். அவர் மனிதத்தன்மை இல்லாதவர் அல்ல. விளக்குகளைக் கொண்டுவரச் சொல்லி, குறுக்குப் பாதை இருந்த இடத்தில் மறுபடியும் வெட்டச் செய்தார். சிறிது நேரத்தில் மேலே மண் முனகியது. தோட்ட நிர்வாகியான துரை வந்து, இன்னொரு சரிவு வரும், ஆட்களை எடுங்கள் என்றார். அதிகாரி பண்டாவைத் தனியே கூப்பிட்டு, இங்கே இருப்பது இறந்த ஒருவர், அங்கே இருப்பது உயிரோடு இருக்கும் பல பேர் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பண்டா லொறியில் ஏறினான்.

லொறி புறப்படும்போது மார்கிரட் அதன் அருகே வந்தாள். அவள் கத்தவில்லை. "பண்டாண்ணே, அவரை இந்தச் சேத்துக்குள்ள விட்டுட்டு நான் எங்க போயிச் செபம் சொல்லுவேன்? ஒரு குழியாவது வேணுமேண்ணே" என்றாள். வேறெதையும் அவள் கேட்கவில்லை. கணவனை உயிரோடு கேட்கவில்லை, நியாயம் கேட்கவில்லை. சிலுவை நட ஒரு குழி கேட்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற றோசலின் பண்டாவை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, கூப்பிட்டா வருவீங்கல்ல?"

"வருவேன் மகள்" என்றான் பண்டா. லொறி நகர்ந்துவிட்டது.

அடுத்த நாள் பெரட்டில் கண்டாக்கு ஐயா பழக்கத்தில் அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். வரிசை முழுவதும் குனிந்து நின்றது. ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. அவர் இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

மாயாண்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. துரை சரிவைச் சுற்றி முள்வேலி போட்டு, உள்ளே போனால் பெயர் வெட்டு, வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தார். அதையும் மீறி மாயாண்டி குறுக்குப் பாதைப் பக்கம் போய் வெட்டினான். மண் மறுபடி சரிந்து அவனை இடுப்பு வரை பிடித்தது. ஆட்கள் இழுத்தெடுத்துத் திட்டிக் கூட்டிவந்தார்கள். அன்று சாயங்காலம் அவன் மார்கிரட்டின் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றான். அவர் இருக்கிறார் என்று நான் சொன்னதால்தானே படைக்காரர்கள் தேடவில்லை, சொல்லாதிருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே தேடியிருப்பார்களே என்று அழுதான்.

மார்கிரட் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாளாக அந்த "இருக்காருங்க" அவள் காதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆனால் அதே சொல்லைக் கேட்டு நன்றியோடு திரும்பிப் பார்த்ததும் அவள்தான். எழுந்து ஒரு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றி, கருப்பட்டித் துண்டோடு கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள்.

"குடிங்கண்ணே. நீங்க பொய் சொல்லல. அவரு இருக்காருன்னு நம்புனீங்க. நானும் நம்புனேன்."

மாயாண்டி கோப்பையை உடனே எடுக்கவில்லை. அவள் அங்கேயே நின்றாள். அவன் எடுத்துக் குடிக்கும் வரைக்கும் நின்றாள். தன் வீடு இடிந்து கிடக்கும்போது இன்னொருவன் வீட்டுக் கூரையைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடவுள் நம்மிடையே நடமாடுவது அவர்களுடைய கால்களால்தான் என்று நான் நினைக்கிறேன்.

பண்டா அந்த நாட்களில் உடைந்த பாலத்தடியில் இருந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்று, அக்கரைப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தான். அவன் எண்ணம் முழுவதும் கல்லுமலையில் இருந்தது. ஆனாலும் தோளில் இருந்த பிள்ளை நடுங்கியபோது அவன் கை இறுகத்தான் செய்தது. அந்தப் பிள்ளைகளும் கூப்பிட்டவர்கள்தானே.

மழையில் இரவல் பெல்டின் பச்சைப் பூச்சு கரைந்து அவன் காற்சட்டையெல்லாம் வடிந்திருந்தது. ஒரு மத்தியானம், கரையில் உட்கார்ந்து பாண் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அவன் கண் அதில் விழுந்தது. பாணைக் கீழே வைத்தான். யேசுரட்ணம் பூசிய பூச்சு அவன் கையில் ஒருநாளும் இப்படி வடிந்ததில்லை. நனைய விடமாட்டான். மழை பலமாக இருந்தால் குறுக்குப் பாதையில் வரவே மாட்டான். மேல் பாதையில், குடைபோலக் கவிந்து நிற்கும் பாறைக்கடியில் ஒதுங்கி, மழை தணிந்த பிறகுதான் இறங்குவான். வருஷா வருஷம் பிந்தி வந்து, "பெல்ட் காஞ்சிருக்கு பாரு" என்று சொன்னவன் அல்லவா? எல்லாரும் குறுக்குப் பாதையில் வெட்டினார்கள். அவன் அங்கே இல்லை.

தனக்காகக் கொண்டுவந்த ஒரு துண்டு கன்வஸ் நனையாதிருக்கத்தான் அவன் அந்தப் பாறையடியில் நின்றான் என்பதும் அதே கணத்தில் பண்டாவுக்கு விளங்கியது. எழுந்து ஆற்றோரம் போய், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.

அதிகாரியிடம் ஒரு நாள் லீவு கேட்டான். பாலம் முடியட்டும் என்றார். தந்திக் கம்பிகள் அறுந்திருந்தன. செய்தி அனுப்ப வழியில்லை. வழி இருந்தாலும், மாயாண்டி கேட்டால் அந்த நிமிஷமே மம்பட்டியோடு ஓடுவான், மண் அவனையும் எடுத்துக்கொள்ளும் என்று பயந்தான். பாலம் முடிந்து சனிக்கிழமை அவர்களை விடுவித்தார்கள். உடுப்பை மடித்து வைத்தான். மறுபடியும் ரயில் ரோட்டுக் கூலியானான்.

மறுநாள் ஞாயிறு. அபூர்வமாக வெயில் எறித்தது. கல்லுமலையின் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஹட்டன் கோவிலுக்குப் பூசை காணப் போயிருந்தன. மார்கிரட்டும் றோசலினும் போயிருந்தார்கள். மற்றவர்கள் கடைத்தெருவுக்கும் விறகுக்கும் போயிருந்தார்கள். முள்வேலியடியில் இருந்த காவல்காரன் தேத்தண்ணீர் குடிக்க இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, பண்டா மேல் பாதைப் பக்கமாக வேலியைத் தாண்டினான். ஒருவரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து ஆள் யாராவது கூட வந்து அகப்பட்டால் பெயர் வெட்டுவார்கள். பண்டாவுக்கு ஏச்சோடு போகும். மார்கிரட்டிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அவள் இரண்டாம் முறை விதவையாவாள். அதனால் தனியாகவே போனான்.

பாறையின் நெற்றி மட்டும் வெளியே தெரிந்தது. பக்கவாட்டிலிருந்து, மண் தன்மேல் சாயாதபடி, ரயில் ரோட்டில் பழகியதுபோலப் படிபடியாக வெட்டி இறங்கினான். ரயில் ரோட்டு மம்பட்டி கனமானது. சேறு அடியில் இறுகியிருந்தது. வேர்களை அறுத்தான், கற்களைப் புரட்டினான். தூரத்தில் றொசல்லப் பக்கம் ரயில் ஊதிப் போயிற்று. வெயில் முதுகில் ஏறியது. ஒரு தடவை மேலேயிருந்து கைப்பிடி மண் உருண்டு வந்து காலடியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தான், பிறகு மறுபடி குனிந்தான்.

மம்பட்டி நுனியில் கறுப்பாக ஏதோ மாட்டியது. வேர் என்று நினைத்து இழுத்தான். கம்பளியின் விளிம்பு.

பண்டா மம்பட்டியைப் பின்னால் தள்ளி வைத்தான். முழந்தாளிட்டான். முகம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரண்டு கைகளையும் மண்ணுக்குள் விட்டுப் பறிக்கத் தொடங்கினான். சரளைக்கல் விரல் நுனிகளைக் கிழித்தது. நகத்துக்குள் மண் ஏறியது. நிறுத்தவில்லை, அவசரப்படவுமில்லை. உயிருள்ளவனைத் தோண்டுகிறவன்போல மெதுவாக, சுற்றிச் சுற்றி, பிடிப்பிடியாக மண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

யேசுரட்ணம் பாறையோடு ஒண்டி உட்கார்ந்தபடியே இருந்தான். கைகள் இரண்டும் கம்பளிக்குள், நெஞ்சின்மேல் மடிந்திருந்தன. பண்டா தன் சட்டையைக் கழற்றிப் பக்கத்துக் கானில் நனைத்து வந்து, அவன் நெற்றியையும் கண்களையும் துடைத்தான். முகத்தில் எங்கும் மம்பட்டி பட்ட கீறல் இல்லை.

கம்பளிக்குள்ளே சீலைத் துண்டில் சுற்றிய பெல்ட் இருந்தது. பண்டா அதைப் பிரித்தான். பூச்சு வடியவில்லை. கொக்கி வெயிலில் பளிச்சென்றது. சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்தான். அதைத் தன் இடுப்பில் கட்டவில்லை. யேசுரட்ணத்தின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, கொக்கியை மாட்டி, மேலே கம்பளியை இழுத்து மூடினான். அடுத்த முகாமில் பெல்ட் எங்கே என்று கேட்பார்கள். ஆற்றில் போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

கீழே, ரோட்டு வளைவில், வெள்ளைச் சீலைகள் அசைந்தன. பூசைக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை.

பண்டா கானுக்குப் போய்க் குனிந்து, கைகளைக் கழுவினான். விரல்களிலிருந்து இரத்தம் நின்ற பாடில்லை. நிற்கும் வரைக்கும் தண்ணீருக்குள் வைத்திருந்தான். பிறகு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைகளை மடக்கி மூடியபடி, அவர்களுக்குச் சொல்ல இறங்கினான்.